முப்பதாம் நாள், நாற்பத்தாறாம் பல்

கீழ் உதட்டின் வலது பாதி காணாமல் போய்விட்டது. தண்டபாணி நாக்கை அந்தப் பக்கம் அனுப்பிப் பார்த்தார். நாக்கு போய்த் தொட்டதென்னவோ உண்மை, தொடப்பட்டது யாருடைய உதடு என்றுதான் தெரியவில்லை. ஊசி ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக ஈரோட்டுப் பல் டாக்டர்களுக்குக் கேப்பும் பல்செட்டும் செய்துகொடுக்கிற மனுஷன், ஊரில் எத்தனையோ பேர் முறுக்குக் கடிப்பது அவர் கைவேலையின் தயவில்தான், ஆனால் இந்த நாற்காலியில் இதுவரை ஒருநாள்கூடச் சாய்ந்ததில்லை. ஊசி என்றால் அவ்வளவு பயம். இன்றைக்கும் சாய்வதற்காக வரவில்லை. ஒரு வாக்கியம் சொல்ல வந்தார். கருங்கல்பாளையத்திலிருந்து மொபெட்டில் வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். "டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க, இன்னிக்குள்ள பணம் வரலீன்னா வக்கீல் நோட்டீஸ் போயிருமுங்க." கிளம்பும்போது அதில் 'தப்பா நெனச்சுக்காதீங்க' கிடையாது. பார்க் சிக்னலில் நின்றபோது அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது, அப்புறம் உதறிப் பார்த்தும் போகவில்லை. கிளினிக் படியேறி, செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமி, வாயைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து டாக்டர் நவநீதன் உள்ளிருந்து வெளியே வந்தார். வந்தவர் முகத்தைப் பார்த்ததும், "ஏனுங்கண்ணா, கன்னத்தப் புடிச்சுட்டு வர்றீங்க?" என்றார். அப்போதுதான் தன் வலது கை கன்னத்தைத் தாங்கியிருப்பது தண்டபாணிக்கே தெரிந்தது. ஒரு வாரமாக அந்தப் பல் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான். "ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றார். "ஒண்ணுமில்லாமயா இப்படி வேர்த்துக் கெடக்குது? வாங்க, உக்காருங்க, சும்மா பாக்கறேன்." சும்மா பார்த்தார், தட்டினார், தண்டபாணி துள்ளினார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஊசி. வந்த வாக்கியம் வந்தபடியே உள்ளே இருந்தது.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இரண்டு வருஷ வேலைக்கு நவநீதன் தரவேண்டியது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். பொங்கலுக்கு முன்னால் மொத்தத்துக்கும் ஒரே செக்காகக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஒடனே போட்றாதீங்கண்ணா, இருவதாந் தேதிக்கு மேல போடுங்க" என்றார். தண்டபாணி இரண்டு நாள் தாராளமாகவே விட்டு இருபத்திரண்டாம் தேதி போட்டார், திரும்பி வந்தது. கணக்கில் பணம் போதவில்லை என்று பேங்கில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், அதற்குத் தண்டபாணி கணக்கிலிருந்தும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். "ஐயய்யோ, மெஷினுக்கு டியூ அன்னிக்குன்னு பாத்து எடுத்துட்டானுங்கண்ணா, மாசி பொறந்ததும் போடுங்க" என்றார் டாக்டர். மாசியில் போட்டார், மறுபடி திரும்பி வந்தது. பங்குனிக் கடைசியில், செக்கின் மூன்று மாத ஆயுசு முடிய ஒருநாள் இருக்கும்போது மூன்றாம் தடவை போட்டார். அதுவும் வந்தது. பேங்க் பெண் இந்த முறை சீட்டைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீல் பூங்கோதை அம்மாள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செக்கு காலாவதி ஆயிருச்சுங்க, இனிமே திருப்பிப் போட முடியாது. இந்தக் கடைசிச் சீட்டு வந்த நாள்லருந்து முப்பது நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்போணும். அனுப்புனா அவரு பதினஞ்சு நாள்ல கட்டோணும், இல்லீன்னா கோர்ட்டுல வந்து கையக் கட்டிட்டு நிக்கோணும். முப்பது நாள் தாண்டுச்சுன்னா சாதாரண பாக்கி கேஸுதான். உங்க பேரன் வந்து தீர்ப்பு வாங்கிக்கலாம்." இன்றைக்கு முப்பதாவது நாள். நடுவில் தண்டபாணி சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. பத்தாம் நாள் அனுப்பச் சொல்லிவிட்டு, மத்தியானம் போன் பண்ணி வேண்டாமென்றார். பத்தொன்பதாம் நாளும் அப்படியே. மூன்றாவது தடவை பூங்கோதை அம்மாள் குமாஸ்தா சென்னியப்பனைக் கூப்பிட்டு, "அண்ணன் அவரா அனுப்புன்னு சொன்னாத்தான் நீ கவரை உள்ள நீட்டோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போஸ்டாபீஸில் ரிஜிஸ்டர் தபால் ஐந்து மணி வரைக்கும்தான் வாங்குவார்கள். நாலே முக்காலுக்குத் தானே கூப்பிடுவதாகச் சென்னியப்பன் சொல்லியிருந்தான்.

இப்போது மணி என்ன? சுவர்க் கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தது, வரும்போது பார்த்த ஞாபகம், நாலு பத்தோ நாலே காலோ. கைக்கடிகாரம் இடது கையில் இருக்கிறது, கை பச்சைத் துணிக்கு அடியில் இருக்கிறது, துணிக்கு மேலே நர்ஸ் சகாயமேரி சாமான் தட்டை இழுத்து நிறுத்தியிருக்கிறார். கையை வெளியே எடுத்தால் தட்டு சாயும். சாயாது, கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு எடுக்கலாம். எடுத்தால் டாக்டர் 'என்னங்கண்ணா' என்பார். என்னங்கண்ணா என்றால் மணி பார்த்தேன் என்று சொல்லவேண்டும், ஏன் மணி பார்க்கிறீர்கள் என்று கேட்பார், அதற்கு இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? தண்டபாணி கையை எடுக்கவில்லை. டாக்டர் ஒரு ரப்பர் விரிப்பை எடுத்து, அதில் ஓட்டை போட்டு, வலிக்கிற பல்லை மட்டும் ஓட்டை வழியாக மேலே இழுத்து, கொக்கி மாட்டினார். நாக்கு, கன்னம், மற்ற பற்கள், பழகிவைத்த வாக்கியம் எல்லாம் ரப்பருக்கு அடியில் போய்விட்டன. வெளியே தெரிவது ஒரே ஒரு பல். கீழ்வரிசை, வலது, முதல் கடைவாய்ப் பல். டாக்டர்கள் சீட்டில் நாற்பத்தாறு என்று எழுதி அனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான நாற்பத்தாறுகள் அவர் மேசைக்கு வந்திருக்கின்றன, எல்லாம் வெள்ளைக் கல்மாவில் வார்த்தவை, வாய் இல்லாதவை, வலி இல்லாதவை. ஒரு நாற்பத்தாறுக்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் மல்லாக்கக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவர் யோசித்ததே இல்லை. "வாயத் தெறந்தபடியே வெச்சுக்கங்கண்ணா" என்று டாக்டர் இடது பக்கம் ஒரு ரப்பர் கட்டையைக் கடிக்கக் கொடுத்தார். இனி மூட நினைத்தாலும் மூடாது.

தெரிந்தேதான் உட்காரவைத்தானா? மிஷின் கத்த ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி வந்தது, வந்தது போகவே இல்லை. இவனுக்கு நாள் கணக்குத் தெரியாமலா இருக்கும்? மூன்று முறை செக்கைத் திருப்பியவன், தெரிந்தவர் யாரிடமாவது விசாரித்திருக்க மாட்டானா? முப்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கடன் கொடுத்தவன் படியேறி வந்தால் எதற்கு வந்திருப்பான்? பார்த்தவுடனே புரிந்துகொண்டு, அப்படியே தோளில் கைபோட்டு, உள்ளே கூட்டிப்போய், வாயைத் திறக்கவைத்து, ஊசி போட்டு... சே, அப்படியும் இருக்காது, கன்னத்தைப் பிடித்திருந்தது நிஜம், அதைக் கேட்டது ஒரு மனுஷன் கேட்கிற கேள்வி. யாராயிருந்தாலும் கேட்பார்கள். யாராயிருந்தாலும் கேட்டால் சரி, இவன் எப்படிக் கேட்கலாம்? கேட்டதோடு விட்டானா? 'உங்ககிட்ட நான் காசு வாங்குவனுங்களா' என்று வேறு சொன்னான், அப்படிச் சொன்னபோது தண்டபாணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனதுதான் அசிங்கம். எண்ணாயிரம் ரூபாய் வைத்தியம் இலவசம் என்று ஒரு நிமிஷம் கணக்குக்கூடப் போட்டார். பல் தூள் பறக்கிற வாசனை மூக்கில் ஏறியது, லேப்பில் அரைக்கிற வாசனை வேறு, இது கருகல், இது தன்னுடையது. மனைவி வசந்தாமணி காலையிலேயே சொன்னாள். தோசைக் கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். "ஏனுங்க, நீங்க அங்க போகாதீங்க. போனா அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துட்டு டீ குடிச்சுட்டு வந்துருவீங்க. வக்கீலுக்குப் போனப் போட்டு அனுப்புன்னு சொல்லிட்டு உங்க வேலையப் பாருங்க." "சொல்லாம கொள்ளாம நோட்டீஸ் அனுப்பறது மரியாதையாடி? ரெண்டு வருசம் பழகுன ஆளு. மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பறதுதான் மொறை." "அவரு சொல்லிட்டா செக்கு குடுத்தாரு, இது பணமில்லாத செக்குன்னு?" தண்டபாணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அவள் சொன்னது பொய்யாகிவிட்டது என்று இப்போது நாற்காலியில் கிடந்தபடி நினைத்துக்கொண்டார். டீ தரவில்லை.

"பெருந்துறை ரோட்டுல ரெண்டாவது கிளினிக் தொடங்கி ஒரு வருசம் ஆச்சுங்கண்ணா" என்றார் டாக்டர், வேலையை நிறுத்தாமல். பல் டாக்டர்களுக்கு எப்போதும் இந்தப் பழக்கம் உண்டு, எதிராளி பேசமுடியாத நேரம் பார்த்துத்தான் மனசு திறப்பார்கள். "ஒரு நாளைக்கு நாலு பேரு வந்தா அதிகம். வர்றவங்களும் அடுத்த வாரம் தர்றேன்னு போயிர்றாங்க. எப்படிங்கண்ணா போய்க் கேக்கறது? எனக்கு வாய் வர்றதில்லீங்க. உங்களுக்குத் தெரியுமில்ல, நமக்கெல்லாம் அது வராதுங்க." நமக்கெல்லாம்! தண்டபாணிக்கு ஜிவ்வென்று ஏறியது. யாரடா நமக்கெல்லாம்? உனக்கு வராத வாய் வேறு, எனக்கு வராத வாய் வேறு. நீ கேட்கத் தெரியாமல் நஷ்டப்பட்டாய், அந்த நஷ்டத்தை எடுத்து என் தலையில் வைத்தாய், நான் அதைத் தூக்கி மணியன் தலையில் வைத்திருக்கிறேன். மணியன் பதினேழு வருஷமாக லேப்பில் இருக்கிறான். பீங்கான் பூசிச் சுடுகிற வேலை முழுக்க அவன் கைதான். தண்டபாணிக்கு நாலைந்து வருஷமாகவே கண் அந்த நுணுக்கத்துக்குப் பத்துவதில்லை, இது ஊரில் எந்த டாக்டருக்கும் தெரியாது. அவனுக்கு மூன்று மாசமாகப் பாதிச் சம்பளம். 'நவநீதன் செக்கு வந்துருமுடா' என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அவன் சரிங்கண்ணா என்றான். போன வாரம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னான். "கோயமுத்தூர்ல ஒரு லேப்புல கூப்படறாங்கண்ணா. ஒண்ணாந் தேதிக்குள்ள பாக்கி செட்டில் ஆச்சுன்னா நான் எதுக்குங்க போறேன்." மிரட்டலாகச் சொல்லவில்லை, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, கெஞ்சுகிற குரலில் சொன்னான். அவன் போனால் லேப் இல்லை. நோட்டீஸ் போனால் பணம் வரும், கோர்ட் என்றால் எந்த டாக்டரும் எங்கேயாவது புரட்டிக் கட்டிவிடுவார் என்று பூங்கோதை அம்மாளே சொன்னார். பணம் வந்தால் மணியன் இருப்பான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அதனால்தான் முப்பது நாள் யோசித்தார்.

யோசித்ததெல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் முன்பல். பெரிய கை, கல்யாணப் பெண்ணுக்கு அப்பா, நாளைக்கு முகூர்த்தம் என்கிற அன்று தண்டபாணி லேப்பில் செய்த கேப் விருந்துச் சாப்பாட்டில் இரண்டாக உடைந்தது. தப்பு தண்டபாணியுடையது. சுட்டு வந்ததைச் சரிபார்க்கும்போது ஒரு கீறல் கண்ணில் பட்டிருக்கவேண்டும், படவில்லை. அந்த ஆள் கிளினிக்கில் வந்து ஆடின ஆட்டத்தில் வேறு எந்த டாக்டராயிருந்தாலும் 'லேப்காரன் செஞ்ச வேலைங்க' என்று ஒரு வார்த்தையில் கை கழுவியிருப்பார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வாயில் அழுத்தி அளவு எடுத்த மாவில் நாலு ஓட்டை வைத்து அனுப்பிவிட்டு, கேப் பொருந்தாவிட்டால் லேப் சரியில்லை என்பார்கள், மாசம் பிறந்தால் பணம் மட்டும் டாணென்று வந்துவிடும். நவநீதன் அன்றைக்கு, "அளவு எடுத்ததுல என் தப்புங்க, ராத்திரிக்குள்ள மாத்தித் தர்றேன்" என்றார். தண்டபாணி மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவும் கேட்டது. அந்தக் கெட்ட பெயர் ஊரில் பரவியிருந்தால் அந்த மாசமே லேப்புக்குப் பூட்டுத்தான். பின்னால் வந்து நவநீதன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருதடவையாவது சொல்லிக் காட்டியிருந்தால் தண்டபாணிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும், பதிலுக்குப் பதில் என்று நோட்டீஸை அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவன் கடன்காரனாக வாய்த்தால் அவனிடம் கடன் வசூலிப்பதைவிட மலை ஏறலாம். நல்லவனா? நல்லவன் மூன்று தடவை பொய்யான தேதி சொல்லுவானா? சொன்னபோது பொய்யென்று அவனுக்குத் தெரியாதோ என்னவோ. சரி, நல்லவனோ கெட்டவனோ, டாக்டர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸப்பில் இருக்கிறார்கள். ஒருவர் மேல் கேஸ் போட்ட லேப்புக்கு இன்னொருவர் வேலை கொடுப்பாரா? வேலையில்லாத லேப்பில் மணியன் உட்கார்ந்து என்ன பண்ணுவான்? மறுபடி முதலிலிருந்து. ரப்பருக்கு அடியில் எச்சில் சேர்ந்துகொண்டே வந்தது, முழுங்க முடியவில்லை, மூச்சு முட்டியது, எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் பல் திறந்தபடி ஓடவேண்டும்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. துணிக்கு அடியில், நெஞ்சுக்கு மேலே. தட்டில் இருந்த சின்னச் சாமான்கள் சேர்ந்து கலகலவென்றன. தண்டபாணி அசையவில்லை, அசையாமல் இருந்தால் நின்றுவிடும் என்று நினைத்தவர்போல. சகாயமேரி துணிக்குள் கைவிட்டு எடுத்துவிட்டார். "டாக்டர், அண்ணனுக்குப் போன் வருதுங்க" என்றவர் திரையைப் பார்த்து உரக்கவே படித்தார். "வக்கீல் ஆபீஸ் சென்னியப்பன்னு போட்டிருக்குது." டாக்டரின் கை நின்றது. பல்லின் வேருக்குள் இறங்கியிருந்த மெல்லிய கம்பி அப்படியே இருந்தது. முகமூடிக்கு மேலே அந்த இரண்டு கண்களும் தண்டபாணியின் கண்களைப் பார்த்தன, தண்டபாணிக்கு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, விளக்கைப் பார்த்தார். விளக்கு கூசியது. "எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். "அவசரமா இருந்தாலும் இருக்கும்."

"அண்ணா, சென்னியப்பனுங்க. போஸ்டாபீஸ்ல கவுண்டர்கிட்டயே நிக்கறனுங்க, எனக்கு முன்னால ரெண்டே பேருதான். டாக்டர்கிட்டப் பேசுனீங்களா? என்ன சொல்றாரு அந்த மனுசன்? அனுப்பிரலாமுங்களா? ஏனுங்கண்ணா, கேக்குதுங்களா?"

"அவரு பேசற நெலமைல இல்லீங்க. வாயில வேலை நடந்துட்டிருக்குது. நான் டாக்டர் நவநீதன் பேசறேன்."

அந்தப் பக்கம் முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் தொப்தொப்பென்று கேட்டது. "சரிங்க சார்" என்றான் சென்னியப்பன், குரல் எங்கேயோ இறங்கிப்போயிருந்தது. "அது வந்துங்க... அண்ணன் சொன்னாத்தானுங்க..."

"தெரியுதுங்க. ஒரு நிமிசம் லைன்லயே இருங்க." டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. களைப்பாக இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அண்ணா, கேட்டுச்சுங்களா? அனுப்பச் சொல்லோணும்னா கையத் தூக்குங்க. வேண்டாம்னா சும்மா இருங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே நான் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

கை துணிக்கு அடியில் நாற்காலியின் பிடியில் இருந்தது. மரத்துப்போனது தாடைதான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐந்து விரலும் நன்றாகவே தெரிந்தன. தூக்கு. இவ்வளவுதான், ஒரு சாண் தூக்கினால் போதும், பேசவேண்டாம், முகத்துக்கு நேரே சொல்லவேண்டாம், 'தப்பா நெனச்சுக்காதீங்க'கூட வேண்டாம், கடன்காரனே வாய் கொடுத்து உதவுகிறான், இதைவிடச் சுலபமாக எந்த ஊரில் எவனுக்குக் கடன் வசூலாகும்? தூக்கு. மணியன் பிரஷ்ஷைக் கழுவுகிறான். தூக்கினால் இவர் சொல்லுவார், சொல்லிவிட்டு முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு மறுபடி இந்தக் கம்பியைப் பிடிப்பார், வேருக்குள் இன்னும் எத்தனை தூரம் போகவேண்டியிருக்கிறதோ, அப்போது அந்தக் கை எப்படி இருக்கும்? இதே மாதிரிதான் இருக்கும், அதுதான் தாங்காது. நடுக்கமில்லாமல், வலிக்காமல், இலவசமாக முடித்துக் கொடுப்பார். அந்த அரைமணி நேரம் இந்தக் கண்களுக்குக் கீழே எப்படிக் கிடப்பது? 'அளவு எடுத்ததுல என் தப்புங்க.' அதற்கு இது சரியாகிவிட்டது, இரண்டு வருஷம் பொறுத்ததில் சரியாகிவிட்டது, தூக்குடா. வசந்தாமணி தோசைக் கரண்டியோடு நிற்கிறாள். முதலில் இந்தப் பல் முடியட்டும், முடிந்ததும் வெளியே போய் நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், ஐந்து மணிக்குள் முடியுமா, முடியாது, தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படி நினைத்தார். சகாயமேரி போனை டாக்டர் வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு தண்டபாணியின் நெஞ்சுக்கு மேலிருந்த துணியையே பார்த்தார், துணி அசைகிறதா என்று. "எனக்கு முந்துன ஆளு முடிஞ்சுருச்சுங்க சார்" என்றான் சென்னியப்பன். விரல்கள் பிடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. யார் அப்படிப் பிடிக்கச் சொன்னது?

"வேண்டாங்கறாருங்க" என்றார் டாக்டர்.

"நெசமாவாங்க சார்? அப்ப நான் கெளம்பட்டுங்களா? நாளைக்கு அனுப்பிப் பிரயோசனமில்லீங்க, அண்ணனுக்குத் தெரியுமில்லீங்க?" ஒரு கணம் காத்திருந்தான். பிறகு சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். உடனே தண்டபாணிக்கு உடம்பெல்லாம் லேசானது. சாமி சத்தியமாக லேசானது, முப்பது நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வந்தது, அழுகை வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். ஒரே ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் மணியன் முகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயசில், வேட்டி கட்டின ஆம்பிளை, ஒரு கையைத் தூக்க முடியாமல் படுத்துக்கிடந்தோமே என்று நினைக்க நினைக்கப் பிடுங்கித் தின்றது. டாக்டர் முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டார், கம்பியைப் பிடித்தார், குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து மிகவும் அன்பாகச் சொன்னார். "நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கண்ணா."

அப்போதுதான் கடித்துவிடவேண்டும் போலிருந்தது. இரண்டு வருஷத்தில் வராத கோபம், மூன்று செக்குக்கும் வராத கோபம், அந்த ஒரு வாக்கியத்துக்கு உச்சந்தலை வரை ஏறியது. தெரியுமாம். பேங்கில் பணமில்லை என்று தெரியாது, எந்தத் தேதியில் டியூ போகும் என்று தெரியாது, இது மட்டும் தெரியுமாம். தண்டபாணி கடித்தார். பல்லுக்கு இடையில் ரப்பர் கட்டை இருந்தது. "வலிக்குதுங்களா?" என்றார் டாக்டர். "இன்னும் செத்த நேரந்தான்."

எல்லாம் முடிந்தபோது ஐந்தே கால். வேரை அடைத்து, மேலே செதுக்கி, "இன்னிக்கே அளவும் எடுத்துட்டா உங்களுக்கு இன்னொரு நடை மிச்சமுங்கண்ணா" என்று குளிர்ந்த மாவை ஒரு தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்திப் பிடித்தார். மாவு இறுகும் வரை அவருடைய பெருவிரல் தண்டபாணியின் தாடையின்மேல் இருந்தது, மரத்துப்போன பக்கம் என்பதால் பாரம் மட்டும் தெரிந்தது. அதற்குள் வெளியே வேறு ஆள் வந்துவிட்டார், டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். போகும்போது தோளைத் தட்டிக்கொடுத்தார். "பணத்தப் பத்திக் கவலப்படாதீங்கண்ணா, ஆனியில பாத்துத் தர்றேன். இந்த வைத்தியத்துக்கு உங்ககிட்ட ஒரு ரூபாகூட வேண்டாம். கேப்பு மட்டும் நீங்களே செஞ்சு எடுத்துட்டு வந்துருங்க, மாட்டி விட்டர்றேன்." தண்டபாணி ஏதோ சொல்லப் பார்த்தார், வாயில் நுரைதான் வந்தது. சகாயமேரி அளவு எடுத்த தட்டைக் கழுவி, ஈரப்பஞ்சில் சுற்றி, எப்போதும் லேப்புக்கு அனுப்புகிற மாதிரி பாலிதீன் பையில் போட்டு, வழக்கமான சீட்டைக் குத்தினார். பெயர் தண்டபாணி, பல் நாற்பத்தாறு, லேப் தண்டபாணி. பையைக் கையில் வாங்கினார். அது அவருடைய சொந்த வாய், இன்னும் ஈரம் காயவில்லை. இதற்குக் கேப் சுட்டுக் கொடுக்கவும் மணியன் வேண்டும். அவனிடம் இதை எந்த முகத்தோடு நீட்டுவது, அளவு யாருடைய வாய் என்று சீட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுமே, நோட்டீஸ் போயிருச்சுங்களாண்ணா என்று கேட்பானே என்று நினைத்துக்கொண்டே செருப்பைத் தேடினார். வாசல் வரைக்கும் வந்த சகாயமேரி கூப்பிட்டு நிறுத்தினார்.

"அண்ணா, கேப்பு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துரோணும்னு டாக்டர் சொல்லச் சொன்னாருங்க. போன தடவ ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டீங்களாம். இந்தத் தடவ சொன்ன தேதிக்குக் குடுத்துருவீங்களா?"

தண்டபாணி கர்சீப்பால் வலது பக்க உதட்டைத் தேடித் துடைத்துக்கொண்டார். நாக்கு புரளவில்லை, எழுத்து எழுத்தாகச் சொல்லவேண்டியிருந்தது.

"குடுத்தர்றனுங்க" என்றார். "தேதி தவறாதுங்க."